துரை ஓட ஓர் இடம்

ஆகஸ்ட் 4, திங்கள்

இன்று காலை நொச்சிக்குளத்துக் கரையில் துரை ஓர் ஆளைத் தள்ளிவிட்டது. தள்ளியதுதான் தள்ளியது, வேறு ஆளா கிடைக்கவில்லை? நடைப்பயிற்சி சங்கத் தலைவர் சென்னியப்பன்.

நடந்தது இதுதான். தண்ணீரோரம் ஒரு நீர்க்கோழி எழும்பியது. துரை கன்னி நாய், முயல் விரட்டப் பிறந்த சாதி. கண்டதும் பாய்ந்தது. கயிற்றைக் கையில் சுற்றியிருந்ததால் நானும் கூடவே போனேன். எதிரே வந்த சென்னியப்பன் கயிற்றில் கால் தட்டி, சிமெண்ட் பாதையில் வலது கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டில் விரிசல், மாவுக்கட்டு போட்டிருக்கிறார்களாம்.

ஓய்வு பெறும்வரை பி.டி. டீச்சராக இருந்தவள் நான். ஒரு பள்ளிக்கூடத்தையே ஒரே விசிலில் வரிசையில் நிறுத்தியவள். என்னை ஒரு நாய் இழுத்துக்கொண்டு போனதைக் குளக்கரையே வேடிக்கை பார்த்தது. எனக்கு அதுதான் அதிகம் எரிகிறது.

இதையும் எழுதிவிடுகிறேன். நான் நாய்ப் பிரியை அல்ல. இது என் வீட்டுக்காரர் நாச்சிமுத்துவின் நாய். பிப்ரவரியில் பக்கவாதம் வந்து அவருக்கு வலப்பக்கம் விழும்வரை, விடியுமுன் கரைக்குப் பின்னால் இருந்த பொட்டலுக்குக் கூட்டிப்போய் அவிழ்த்துவிட்டு ஓடவைத்தவர் அவர்தான். அந்தப் பொட்டலில் இப்போது கார் நிறுத்துகிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் துரை வழக்கம்போல அவர் நாற்காலியிடம் போய் நின்றது. கழுத்துப் பட்டையிலிருந்து கயிற்றின் கொக்கியை பழக்கமில்லாத இடது கையால் கழற்றுவது அவர் வேலை. விரல் வழுக்கும், மறுபடி பிடிப்பார். ஆகிற நேரம் ஆகட்டும் என்று அது அசையாமல் நிற்கும். காலையில் என்னை இழுத்துக்கொண்டு ஓடிய அதே நாய்தான்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ரேஷன் கடைக்குப் போனேன். பருப்பு வரவில்லை. துரை சோற்றைத் தொடவில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு சென்னியப்பன் வீட்டுக்குப் போனேன். மரியாதைக்குக் குறைவில்லை.

"வாங்க டீச்சர், உக்காருங்க. காப்பி குடிக்கிறீங்களா?"

"இருக்கட்டுங்கண்ணா. கை எப்படிங்க இருக்குது?"

"கைக்கு என்னுங்க, தொங்கிட்டு இருக்குது." மாவுக்கட்டை எனக்குக் காட்டுவதற்காகவே கொஞ்சம் தூக்கினார். "உங்க மேல எனக்கு ஒண்ணும் வருத்தமில்லீங்க. ஆனா சங்கத்துல எல்லாரும் ஒரே முடிவா இருக்கறாங்க. கரை மேல இனி நாயே வரப்படாதுன்னு எழுதிக் குடுத்துட்டோம்."

"கயித்துல கட்டிக் கூட்டிட்டு வந்தாலுமாங்க?"

"அன்னிக்குக் கயித்துலதானுங்க இருந்துச்சு."

ஆப்பிள் பையை அவர் பக்கம் நகர்த்தினேன். "வேட்டை நாயெல்லாம் தோட்டத்துல இருக்கோணுமுங்க. பொள்ளாச்சிப் பக்கம் யாருகிட்டயாவது குடுத்துருங்க, அதுக்கும் நல்லது" என்றார். நல்ல பேச்சு. நல்ல பேச்சைக் கேட்டுக்கொண்டு வந்தவளுக்குத் தெரு முனை வரைக்கும் பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலித்தது.

ஆகஸ்ட் 11, திங்கள்

கரை வாசலில் பலகை வைத்துவிட்டார்கள். காவலாளி துரையைப் பார்த்ததுமே கையை ஆட்டினார். தெருவில் கூட்டிப்போனால் தெருநாய்கள் விடுவதில்லை. ஓட இடமில்லாமல் ராத்திரி முழுக்க வராந்தாவில் இங்கும் அங்கும் நடந்து ஊளையிடுகிறது. மாடியிலிருக்கும் வீட்டுக்காரம்மா காலையில் இறங்கி வந்து, "தீபாவளிக்கு மேல ஒரு வாரம் பாக்கறேன் டீச்சர். அதுக்கப்புறம் ஒண்ணு நாய் இருக்கும், இல்லாட்டி நீங்க இருப்பீங்க" என்று சிரித்தபடியே சொல்லிவிட்டுப் போனார்.

என் வீட்டுக்காரருக்குப் பயிற்சி சொல்லித்தர வரும் பெண் ஒரு ரப்பர் பந்து கொடுத்திருக்கிறாள், அமுக்குவதற்கு. அதை அவர் மூலையில் எறிந்துவிட்டார். துரையின் கொக்கி ஒன்றுக்குத்தான் கை நீட்டுகிறார். "அந்தக் கொக்கிதான்மா இப்போதைக்கு மருந்து" என்கிறாள் அவள். மருந்தைப் பொள்ளாச்சிக்கு அனுப்பச் சொல்கிறார்கள்.

அனுப்பமாட்டேன். எழுதி வைத்துக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

மாநகராட்சி உதவிப் பொறியாளர் ஃபர்ஹானாவைப் பார்க்க மூன்றாவது முறை போனேன். சின்ன வயசுப் பெண். முதல் இரண்டு தடவை இல்லை என்றார்கள், இன்று மேசைக்கு எதிரிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"டீச்சர், வெளியூர்ல எல்லாம் நாயை அவுத்து விடறதுக்குன்னே வேலி போட்ட இடம் இருக்கு. நம்ம குளத்துக்கும் ஒண்ணு வரைபடத்துல போட்டேன். மேல யாரும் திரும்பிப் பாக்கல" என்றாள். குளக்கரையின் வடகோடியில், பம்ப் ஹவுஸுக்குப் பக்கத்தில் முக்கோணமாக ஒரு துண்டு நிலம். சீமைக்கருவேலமும் பாட்டிலும் குப்பையும். கரை வேலையில் மிச்சமான கம்பி வலை கிடங்கில் கிடக்கிறதாம்.

"இடத்தைச் சுத்தம் பண்ணிக் காட்டுங்க. நடைப்பயிற்சி சங்கம் ஆட்சேபணை இல்லைன்னு ஒரு வார்த்தை எழுதிக் குடுக்கட்டும். மறு வாரமே வேலி அடிக்கறேன்."

முதல் பாதி என் கையில் இருக்கிறது. இரண்டாம் பாதி மாவுக்கட்டில் இருக்கிறது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

நாய் வைத்திருப்பவர்களைத் தேடிப்பிடித்து வரவழைத்தேன். ஒன்பது பேர் வந்தார்கள். மண்வெட்டி கொண்டு வந்தவர் பேக்கரி ஜெபராஜ் ஒருவர்தான். அவரிடம் புரூனோ என்று ஒரு லேப்ரடார் இருக்கிறது. இரண்டு பேருக்கும் தொப்பை ஒரே அளவு. மற்றவர்கள் செல்ஃபி எடுக்க வந்தவர்கள் போல நின்றார்கள். பழைய விசிலை எடுத்து ஊதினேன். அப்புறம் எல்லோரும் குனிந்தார்கள்.

பக்கத்து வீட்டுச் செல்வி என் வீட்டுக்காரரோடு இருந்தாள். அவள் வேலைக்குப் போகவேண்டும், அதனால் பாதியில் ஓடி வந்துவிட்டேன். பிப்ரவரிக்குப் பிறகு நான் இவ்வளவு நேரம் வெளியில் இருந்தது இன்றுதான் என்று நினைக்கிறேன். முதுகு வலிக்கிறது. நல்ல வலி.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

இரண்டு ஞாயிறு வெட்டிச் சுத்தம் செய்த இடத்தில் இன்று காலை கோழிக்கடைக் கழிவு ஒரு மூட்டை. சுவரோரம் வரிசையாக நின்று ஒன்றுக்குப் போகிறார்கள், வெட்கமில்லாமல் எனக்கு வணக்கம் வேறு சொல்கிறார்கள். விசில் ஊதினால் திரும்பிப் பார்த்துவிட்டுத் தொடர்கிறார்கள்.

ஜெபராஜ் சொன்னார். "சாமி படம் ஒட்டுங்க டீச்சரக்கா. எங்க பேக்கரிச் சொவத்துல மூணு மதத்துச் சாமிப் படமும் ஒட்டுனப்புறம்தான் நின்னுச்சு."

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. படம் எதற்கு, சிலையே வைப்போம். அதுவும் பைரவர் சிலை. பக்கத்திலேயே நாய் நிற்கும். குப்பையும் நிற்கும், நாய்க்கு எதிராகப் பேசுகிறவர்கள் வாயும் அடையும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

செப்டம்பர் 5, வெள்ளி

திருமுருகன்பூண்டிச் சிற்பப் பட்டறைக்குப் போய் ஓரடி உயரத்தில் ஒரு பைரவர் வாங்கி வந்தேன். பட்டறைக்காரர், "கண்ணு இன்னும் திறக்கலீங்க. பிரதிஷ்டை அன்னிக்கு நான் வந்து உளியால திறந்து குடுப்பேன். அதுவரைக்கும் கல்லுதானுங்க" என்றார். எனக்குக் கல்லே போதும் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

ஜெபராஜும் நானும் முக்கோணத்தின் நடுவில் நாலு செங்கல் வைத்துச் சிமெண்ட் பூசி நிறுத்தினோம். ஒரு செம்பருத்தி வைத்தேன். புரூனோ மோந்து பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது.

செப்டம்பர் 9, செவ்வாய்

ஒரு மூட்டை குப்பைகூட இல்லை. சுவர் காய்ந்திருக்கிறது. நான் கெட்டிக்காரிதான்.

செப்டம்பர் 14, ஞாயிறு

இன்று தேய்பிறை அஷ்டமி. அது எனக்கு நினைவில் இல்லை, ஊருக்கு நினைவிருக்கிறது. காலையில் வேலை செய்யப் போனால் இருபது பெண்கள், பாதிப் பூசணிக்காயில் எண்ணெய் விட்டு மிளகு முடிச்சுத் திரி ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். பைரவருக்குச் சிவப்பு வேட்டி, வடைமாலை. "குளத்துல கிடைச்ச சாமிங்களாம், ரொம்ப சக்தி" என்று ஒரு பெண் என்னிடமே சொல்கிறாள்.

வடை தந்தார்கள். சாப்பிட்டேன். மெதுவடைதான், நன்றாக இருந்தது.

செப்டம்பர் 28, ஞாயிறு

தகரக் கூரை. உண்டியல். தரையில் சாணி தெளித்துக் கோலம். திருப்பணிக் குழுத் தலைவர் என்று பேனரில் வேட்டி சட்டையில் சிரிப்பவர் யார் என்றால், சென்னியப்பன்.

அதற்கும் கீழே இரண்டு வரி. செருப்பைக் கழற்றவும். நாய்களுக்கு அனுமதி இல்லை.

நான் இரண்டு தடவை படித்தேன். பேனருக்குப் பின்னால் பைரவர், பைரவருக்குப் பின்னால் அவருடைய நாய். சென்னியப்பன் வெறுங்காலோடு வந்தார். மாவுக்கட்டு எடுத்தாயிற்று.

"ஏனுங்கண்ணா, சாமி பக்கத்துல நிக்கறது என்னதுங்க?"

"அது வாகனமுங்க டீச்சர். வாகனம் வேற, நாய் வேற." சண்டைக்காகச் சொல்லவில்லை, உண்மையாகவே நம்பிச் சொன்னார். "இந்தக் கை கூடுனதே அவராலதானுங்க. டாக்டர் தகடு வெக்கோணும்னார். பதினஞ்சு நாள் வெளக்குப் போட்டேன், வேண்டாம்னுட்டார்."

என் நாய் உடைத்த கையை, நான் குப்பைக்காக வைத்த சாமி சரிசெய்துவிட்டது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை கேட்டிருக்கிறேன், இது அதற்கும் மேலே. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டேன். ஜெபராஜ் மட்டும் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கல்லைக் கண்டா நாயைக் காணோம்னு சும்மாவா சொன்னாங்க டீச்சரக்கா."

அவரிடம் இனி மூன்று நாள் பேசப்போவதில்லை.

அக்டோபர் 6, திங்கள்

ஃபர்ஹானா கையை விரித்துவிட்டாள். "நான் எப்படி டீச்சர் அதைத் தொட முடியும்? என் பேரைப் பாருங்க. தொட்டா மறுநாள் என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்." தெரியும். அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வைத்தவள் நான், நகர்த்த வேண்டியதும் நான்.

துரை வராந்தாக் கதவின் கீழ்ப்பலகையைக் கடித்துக் குதறிவிட்டது. வீட்டுக்காரம்மா பார்க்குமுன் மறைக்க ஒரு சாக்கைத் தொங்கவிட்டேன்.

அக்டோபர் 13, திங்கள்

அஷ்டமிக் கூட்டம் இன்று இரண்டு மடங்கு. மைக்கில் அறிவித்தார்கள். நவம்பர் 12, பைரவாஷ்டமி அன்று முறைப்படி பிரதிஷ்டை. குருக்களைத் தனியே பிடித்துக் கேட்டேன். "அஷ்டபந்தன மருந்து சாத்தி, கும்பத் தீர்த்தம் விட்டுட்டா அப்புறம் அவர் அங்கதாம்மா. அசைக்கப்படாது."

அப்போதுதான் பட்டறைக்காரர் சொன்னது மண்டையில் இறங்கியது. கண் திறக்காத கல்லுக்கு ஒரு மாதமாகப் பூசணி விளக்கு எரிகிறது. ஊருக்கு இது தெரியாது. எனக்குத் தெரியும்.

ஜெபராஜிடம் சொன்னதும் குதித்தார். "மைக்கைப் புடுங்கிச் சொல்லிருங்க. அந்தாளு மானம் அங்கயே கப்பலேறிரும்."

ஆசையாகத்தான் இருந்தது. மைக் ஐந்தடி தூரத்தில் இருந்தது. ஆனால் முன்னால் ஒரு பெண், நடக்காத பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு விளக்கேற்றிக்கொண்டிருந்தாள். திரி நனைந்துபோய்ப் பற்றவில்லை, மறுபடி மறுபடி தீக்குச்சியைக் கிழித்தாள். அவள் முன்னால் என்னால் அதைச் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு பக்கெட் துணி துவைத்தேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. துரை நாள் முழுக்க என் வீட்டுக்காரர் கட்டிலுக்கடியில் கிடந்தது. அவர் இடது கையைத் தொங்கவிட்டு அதன் தலைமேல் வைத்திருந்தார், சாப்பிடக்கூட எடுக்கவில்லை. நான் ஊட்டினேன். இன்னும் ஒரு வாரம் இருக்கிறது.

அக்டோபர் 26, ஞாயிறு

சென்னியப்பனை வீட்டுக்கு வரச்சொல்லியிருந்தேன். சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். நான் துரையோடு தெருவில் இருந்தேன். திரும்பி உள்ளே நுழைந்தால், செல்வி போட்டுக் கொடுத்த காப்பியோடு என் வீட்டுக்காரருக்கு எதிரில் உட்கார்ந்திருக்கிறார். துரையைக் கண்டதும் காலை மேலே இழுத்துக்கொண்டார்.

துரை அவரைத் திரும்பியும் பார்க்காமல் நேரே நாற்காலியிடம் போய் நின்றது. என் வீட்டுக்காரர் கொக்கியைப் பிடித்தார். வழுக்கியது. பிடித்தார். வழுக்கியது. இன்று வழக்கத்தைவிடக் கஷ்டப்பட்டார், அந்நியர் பார்க்கிறார் என்பதால் இருக்கலாம். நெற்றியில் வேர்த்துவிட்டது. சென்னியப்பனுக்குப் பொறுக்கவில்லை. நாய்ப் பயத்தையும் மீறி எழுந்து கையை நீட்டினார்.

"விடுங்கண்ணா. அது அவர் வேலை."

உட்கார்ந்தார். காப்பி ஆடை கட்டிவிட்டது. கடைசியில் கொக்கி கழன்றது. துரை அவர் முழங்கையை ஒரு நக்கு நக்கிவிட்டு வாசல்படியில் போய்ப் படுத்தான்.

சென்னியப்பன் தன் வலது கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒண்ணரை மாசம் எனக்குச் சம்சாரம்தானுங்க சட்டைப் பொத்தான் போட்டு விட்டாங்க" என்றார். "ஒருநா வெடுக்குனு தட்டி விட்டுட்டேன். இடது கையில நானே போட்டேன், ஒரே ஒரு பொத்தான். அன்னிக்குத்தான் சோறு எறங்குச்சு."

அப்புறம் என்னைப் பார்த்து, "இந்த நாயையா நான் பொள்ளாச்சிக்கு அனுப்பச் சொன்னேன்?" என்றார்.

அதன் பிறகுதான் கண் விஷயத்தைச் சொன்னேன். முகம் வெளுத்துவிட்டது.

"வெளிய சொல்லிட்டீங்களா?"

"இல்லீங்க."

"ஏனுங்க? சொல்லியிருந்தா எடம் உங்களுக்கு வந்திருக்குமே."

"கல்லுன்னாலும் நீங்க கும்பிட்டது நெசமுங்களே. கண்ணு திறக்கறதுக்கு முன்ன நகத்தலாமுங்க, பிரதிஷ்டையை வாசல்ல வெச்சுக்கலாங்கண்ணா. கரை மேல, பாதையைப் பாத்தாப்ல. நடக்கற ஒவ்வொருத்தரும் கும்பிட்டுட்டுப் போவாங்க. உள்ள நாய் ஓடட்டும்."

குழுவில் நாலு பேர் சண்டைக்கு வருவார்கள் என்றார். வரட்டும், விசில் இருக்கிறது என்றேன். முதல் தடவையாக அவர் சிரித்துப் பார்த்தேன். போகும்போது வாசல்படியில் படுத்திருந்த துரையைத் தாண்ட முடியாமல் நின்றார். "கொஞ்சம் நகரச் சொல்லுங்க டீச்சர்." நான் சொன்னால் எங்கே கேட்கிறது. கடைசியில் அவரே, "சாமி, வழி விடுங்க" என்றார்.

அக்டோபர் 27, திங்கள்

சங்கக் கடிதத்தை ஃபர்ஹானாவிடம் கொடுத்தாயிற்று. மாடி வீட்டுக்காரம்மாவிடம் ஒரு மாதம் தவணை வாங்கினேன். கெஞ்சி வாங்கவில்லை, கதவுப் பலகையை மாற்றிக் கொடுத்து வாங்கினேன்.

நவம்பர் 12, புதன்

பட்டறைக்காரர் வந்து திரைக்குள் கண் திறந்தார். உளிச் சத்தம் மூன்று நாலு தடவை மெல்லக் கேட்டது. திரையை விலக்கியபோது எனக்கே சிலிர்த்தது. குப்பைக்காக வாங்கிய கல் என்னைப் பார்க்கிறது. மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

நாலு பேர் சண்டைக்கு வந்தார்கள்தான். "வடகோடி மூலையில இருந்த சாமி நம்ம பாதைக்கே வந்துருச்சு, இதுல என்னய்யா கொறை" என்று சென்னியப்பன் ஒரே போடாகப் போட்டார். உள்ளே வேலிக்குக் குழி தோண்டுகிற சத்தத்தில் மற்றது கேட்கவில்லை.

நவம்பர் 23, ஞாயிறு

இன்று திறந்தார்கள். ரிப்பன் எல்லாம் இல்லை. ஃபர்ஹானா கதவின் தாழ்ப்பாளை நீக்கினாள், அவ்வளவுதான். ஜெபராஜ் ஒரு தட்டு பன் கொண்டு வந்தார். புரூனோ உள்ளே போய் நாலடி ஓடிவிட்டு, பன் இருக்குமிடத்துக்குத் திரும்பி வந்துவிட்டது.

ஜெபராஜ் வேனில் சக்கர நாற்காலியை ஏற்றி என் வீட்டுக்காரரையும் கூட்டி வந்திருந்தோம். பிப்ரவரிக்குப் பிறகு அவர் குளத்தைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. வேலிக்குள் நாற்காலியை நிறுத்தினேன். துரை வந்து நின்றான். அவர் கொக்கியைக் கழற்றினார். இரண்டாவது தடவையிலேயே கழன்றது.

துரை ஓடவில்லை.

மூன்று மாதமாக அலைந்து, மண்ணை வெட்டி, சாமியையே இடம் மாற்றி வாங்கிய நிலம் முன்னால் கிடக்கிறது. அவன் நாற்காலிச் சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறான். ஜெபராஜ் பந்தை எறிந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. சென்னியப்பன் வேலிக்கு வெளியிலிருந்து "ஓடு சாமி, ஓடு" என்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது, எல்லோர் முன்னாலும். வந்தால் வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

அப்போது என் வீட்டுக்காரர் பேசினார். ஒன்பது மாதத்தில் அவரிடம் திரும்பி வந்திருக்கும் வார்த்தைகள் மிகக் கொஞ்சம். தண்ணீ, வா, வேண்டாம்.

"போ" என்றார்.

துரை அசையவில்லை. நான் குனிந்து, "உன்னைத்தான்டா சொல்றாங்க, போடா" என்றேன்.

"போ" என்றார் மறுபடி, இன்னும் சத்தமாக. நிமிர்ந்து பார்த்தேன். அவர் துரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடது கை நாற்காலிப் பிடியிலிருந்து எழும்பி, என் இடுப்பைத் தொட்டுத் தள்ளியது. பலமே இல்லாத தள்ளு.

துப்பட்டாவை அவர் மடியில் போட்டேன். ஓட ஆரம்பித்தேன். இந்த வயசில் எப்படி ஓடினேன் என்று பார்த்தவர்கள்தான் சொல்லவேண்டும், அழகாக இருந்திருக்காது. வேலியின் பாதி தூரத்தில் பின்னால் மண் பறக்கிற சத்தம் கேட்டது. துரை என்னைக் கடந்து போனான். கால்கள் தரையில் படுகிறதா என்றே தெரியவில்லை. கோடியில் திரும்பி, மறுபடி என்னைக் கடந்து, மறுபடி திரும்பினான். அவருடைய சிரிப்புச் சத்தம் கேட்டது, பழைய சிரிப்பு.

மூச்சு வாங்கியது. முட்டி வலித்தது. கூட வந்திருந்த செல்வி நேரமாகிறது என்று கூப்பிட்டாள். நான் இன்னொரு சுற்று ஓடினேன்.